அலமாரித் தட்டும் கைபேசிப் பாட்டும்

என் பெரியப்பா விட்டுச்சென்ற இசைத்தட்டுகள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டு அலமாரியில் இன்றும் இருக்கின்றன. ஒவ்வோர் உறையின் மூலையிலும் நீல மையில் அவர் பெயர் எழுதியிருக்கும். இரவல் போன தட்டு வீடு திரும்ப அவர் செய்த ஏற்பாடு அது. இவற்றை நான் விற்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம், தயாரித்த கம்பெனி குறுக்கே வர முடியாது. கைபேசியில் காசு கொடுத்து இறக்கிய பாட்டுக்கு இந்த உரிமை இல்லை. கேட்பதற்கான அனுமதி மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. 2009இல் அமேசான், உரிமையில்லாத ஒரு பதிப்பாளர் விற்பனைக்கு ஏற்றியிருந்த ஆர்வெல்லின் இரு நாவல்களை, வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் படிக்கும் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பழைய பாட்டுக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய வழி செய்த ரெடிஜி நிறுவனமும், கோப்பு கைமாறும்போதே புதிய நகல் உருவாகிவிடுகிறது என்ற காரணத்தால், 2018இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது.

ஆனால் எனக்கு அதிகம் உறுத்துவது விற்பவர் நிலைமைதான். எங்கள் பகுதிப் பஜனைக் குழு காவடித் திருவிழா அன்று கோயில் வாசலில் மேசை போட்டுக் குறுந்தகடு விற்கும். ராண்ட் நோட்டு அன்றே கைக்கு வரும், மிருதங்கக்காரருக்கு அன்று மாலையே பங்கு போகும். இணையத்தில் பாட்டுக் கேட்க உதவும் ஸ்பாட்டிஃபை செயலி தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது 2018இல். அதன் முறைப்படி சந்தாப் பணம் ஒரே தொகுப்பில் சேர்ந்து, மொத்தக் கேட்பில் அவரவர் பங்குக்கேற்பப் பிரிகிறது. ஆகவே நான் மாதம் முழுவதும் எங்கள் குழுவின் பாட்டை மட்டுமே கேட்டாலும், என் சந்தாவின் பெரும்பகுதி நான் கேட்டேயிராத பாடகர்களுக்குத்தான் போய்ச் சேரும். போதாக்குறைக்கு, 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத பதிவுக்கு 2024 முதல் அந்தச் சில்லறையும் கிடையாது. எங்கள் ஊர்க் காவடிச் சிந்துக்கு அந்த எண்ணிக்கை எளிதல்ல.

சென்னையிலிருந்து தட்டு வந்து சேரக் காத்திருந்த காலம் திரும்ப வேண்டுமென்று நான் கேட்கவில்லை. புதுப் படப் பாட்டு வெளியான நிமிடமே டர்பனிலும் ஒலிப்பது நல்லதுதான். இளையவர்களிடம் குறுந்தகடு ஓட்டும் கருவி இல்லாததால், குழுவின் மேசையில் இப்போது பென் டிரைவ் வைத்திருக்கிறார்கள். ஒருவர் வாங்கிப் பத்துப் பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார் என்று குழுத் தலைவர் முணுமுணுத்தாலும், விலையை அவரே வைக்கிறார், பணத்தையும் அவரே எண்ணிப் பிரிக்கிறார்.