நீலக் கார்னர்

ஜனவரி 9

நம் ஆளுக்கு மூளை ஸ்கேன் எடுத்தாயிற்று. முடிவு வரவில்லை. அது வராமல் குத்துச்சண்டை லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். லைசென்ஸ் இல்லாதவனுக்கு சண்டைக்குக் கூப்பிட்டு போன் வந்தென்ன, வராமல் என்ன.

ஜனவரி 11

அவன் இடது புருவம். வெளி ஓரம், எலும்பின் விளிம்பு தோலை உள்ளிருந்து முட்டும் இடம். பார்வைக்கு ஆறிவிட்டது. விரலை வைத்துத் தள்ளினால்தான் தெரிகிறது: தோல் எலும்பின் மேல் நகரவில்லை, ஒட்டிக் கிடக்கிறது. நகரும் தோலில் குத்து வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒட்டிய தோல் கிழியும்.

இதற்குக் காரணம் குத்து இல்லை, தையல். ஆழமான வெட்டுக்கு இரண்டு அடுக்குத் தையல் வேண்டும். முதலில் அடித்தசையைக் கரையும் நூலால் சேர்த்துவிட்டு, பிறகு மேல்தோல். மேலே மட்டும் இழுத்துக் கட்டினால் அடியில் குழி நிற்கும், அதில் ரத்தம் தேங்கும், தழும்பு தடித்து எலும்போடு பிடித்துக்கொள்ளும். நள்ளிரவு அவசரப் பிரிவில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள். மேலே மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஜனவரி 12

புருவம் என்றால் சக் வெப்னர். நியூ ஜெர்சியின் பேயோன் ஊர்க்காரர். ஊர்ப் பெயரோடு ரத்தத்தைச் சேர்த்தே பட்டப்பெயர் வைத்தார்கள். 1969இல் ஜார்ஜ் ஃபோர்மனிடம் மூன்றாவது ரவுண்டில் நிறுத்தினார்கள், வெட்டு. 1970 ஜூனில் ஜெர்சி சிட்டியில் சோனி லிஸ்டன். ஒன்பது ரவுண்ட் தாங்கினார், அதற்குமேல் முகம் தாங்கவில்லை. எழுபதுக்கு மேல் தையல் என்று சொல்வார்கள். அதே செப்டம்பரில் லண்டன் வெம்பிளியில் ஜோ பக்னர், மறுபடி மூன்றாவது ரவுண்ட், மறுபடி வெட்டு. ஜூனில் அப்படிக் கிழிந்த முகத்தைச் செப்டம்பரில் மேடை ஏற்றியிருக்கிறார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. தழும்பு பழுக்க அது போதவே போதாது.

தாடை கெட்டி, நெஞ்சு கெட்டி. தோல்தான் காலை வாரியது.

ஜனவரி 15

முடிவு இல்லை.

ஜனவரி 16

நம் ஆள் தோற்பதைப் பார்த்து சும்மா தோற்கிறான் என்று நினைப்பவர்கள் நாலு ரவுண்டும் அவன் கால்களை மட்டும் பார்க்க வேண்டும்.

கணக்கு இதுதான். பட்டம் இல்லாத சண்டைக்கு இங்கே பிரிட்டனில் ரெஃபரி ஒருவரே புள்ளி போடுகிறார். நாலு ரவுண்டும் போனால் 40-36. அப்படித் தோற்றால் அடுத்த சனிக்கிழமையே வேறு ஊரில் ஏறலாம். ரெஃபரி இடையில் நிறுத்திவிட்டால் குறைந்தது 28 நாள் தடை. நாக்-அவுட் என்றால் இன்னும் அதிகம். இரண்டுமே தோல்விதான், ஆனால் ஒன்றில் வாடகை கட்டலாம், இன்னொன்றில் முடியாது. ஆகவே அவன் தொழில் தோற்பதில்லை, நிறுத்தப்படாமல் இருப்பது.

நிறுத்தப்படாமல் இருக்க ரெஃபரிக்குச் சில விஷயங்கள் கண்ணில் பட வேண்டும். எதிராளி கயிற்றோரம் அடுக்கி அடிக்கும்போது, ஐந்து குத்துக்கு ஒன்றாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். அது படவேண்டும் என்றில்லை, கை போனால் போதும். பதில் இல்லாத குத்துகளைத்தான் ரெஃபரி எண்ணுகிறார். முழங்கைகள் விலாவில், கையுறைகள் நெற்றியில், ஆனால் கண்ணை மறைக்கக் கூடாது. கண் மூடிய காப்பு, மயங்கியவனின் காப்பு மாதிரித் தெரியும். வலி என்றால் பிடித்துக்கொள்ள வேண்டும்: வலது கையை எதிராளியின் இடது அக்குளுக்கு அடியில் நுழைத்து, இடது கையால் அவன் வலது முழங்கைக்கு மேலே இறுக்கி, நெற்றியை அவன் காறை எலும்பில் ஊன்றி, உடல் பாரம் முழுவதையும் சாய்த்துவிடுவது. நம் ஆளின் 118 கிலோவை மூன்று நிமிடத்தில் ஏழெட்டு முறை சுமந்தால் இருபது வயதுப் பையனின் தோளில் சக்தி நிற்காது. மூன்றாவது ரவுண்டில் அவன் குத்து கீழிறங்கிவிடும். அதை நம் ஆள் முதல் ரவுண்டிலிருந்தே சம்பாதிக்கிறான்.

கூட்டம் ஊளையிடும். இடட்டும்.

பீட்டர் பக்லி 2008இல் ஓய்வு பெறும்போது 300 சண்டை. அதில் 256 தோல்வி. பர்மிங்காமில் நடந்த கடைசிச் சண்டையில் ஜெயித்துவிட்டுப் போனார். ஆனால் அவர் இலகு எடைக்காரர். ஹெவிவெயிட்டில் அந்த எண்ணிக்கையை நினைத்துப் பார்க்கவே முடியாது. 200 பவுண்டுக்கு மேல், அதாவது 90.7 கிலோவுக்கு மேல், வரம்பே கிடையாது. எதிரில் நிற்பவன் இருபது கிலோ கூடுதலாக இருந்தாலும் சட்டப்படி சரி. இலகு எடையில் ஐந்து குத்து வாங்கிக் கணக்குப் போடலாம். இங்கே முதல் தப்புக்கே கணக்கு முடிந்துவிடும்.

ஜனவரி 18

போன். வேறு ஒருவருக்காக. 

ஜனவரி 19

டிக்கெட் விற்பவன்தான் சிவப்புக் கார்னரில் நிற்கிறான். ஊர்ப் பையன், மாமா மச்சான் ஜிம் நண்பர்கள் எல்லாரும் வாங்குவார்கள். அந்தப் பணத்திலிருந்துதான் நீலக் கார்னருக்குக் கூலி. பையன் விற்கவில்லை என்றால் சண்டையே இல்லை. புதன்கிழமை ஒரு குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான். பயிற்சி செலவு, பெட்ரோல், மருத்துவச் சோதனைச் செலவு எல்லாம் நம் பக்கம். ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி எழுதலாமே என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

ரொம்ப நன்றாகச் சண்டை போட்டாலும் ஆபத்து. ஒரு நம்பிக்கை நட்சத்திரத்தைக் கீழே தள்ளிவிட்டால் ஆறு மாதத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஜனவரி 21

பையைத் திறந்து பார்த்ததில் அட்ரினலின் புட்டி லேசாக இளஞ்சிவப்பு. கொட்டியாயிற்று. 1:1000 கரைசல் வெளிச்சமும் சூடும் பட்டால் கெட்டுவிடும். முதலில் இளஞ்சிவப்பு, பிறகு பழுப்பு. நிறம் மாறியதைக் காயத்தில் வைத்தால் ரத்தம் நிற்காது, நேரம்தான் போகும். காரின் முன்பெட்டியில் வைக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது.

மற்றவை: வாஸ்லின் பெரிய டப்பா ஒன்று, சிறியது ஒன்று (பெரியது ரத்தம் பட்டால் சிறியது). முறுக்கிய பஞ்சுக் குச்சிகள், நுனி இறுக்கமாக இருக்க வேண்டும், பிரிந்தால் நார் காயத்துக்குள் ஒட்டும். கிருமி நீக்கிய காஸ் சதுரங்கள். வெள்ளைத் துண்டு நான்கு. வீக்கம் அழுத்தும் எஃகுக் கட்டி, ஐஸ் டப்பாவுக்குள். கத்தரிக்கோல், முனை மழுங்கியது.

ஜனவரி 22

அறுபது விநாடி என்பது பொய். மணி அடித்து அவன் ஸ்டூலுக்கு வந்து உட்கார எட்டு, பத்து விநாடி. அடுத்த மணிக்குப் பத்து விநாடி முன்னால் வெளியே போகச் சொல்லி விசில். மிச்சம் நாற்பது.

காயம் என்றால்: முதல் ஐந்து விநாடி துடைப்பு, ஒரே திசையில், காயத்திலிருந்து வெளியே. எங்கே வெட்டு, எவ்வளவு நீளம், ரத்தம் கண்ணுக்குள் போகிறதா என்று பார்த்துக்கொள்ள. பிறகு அட்ரினலின் தோய்த்த பஞ்சை காயத்துக்குள் வைத்து, எலும்போடு சேர்த்து அழுத்து. முப்பது விநாடி எடுக்காமல் அழுத்து. எடுத்து எடுத்துப் பார்ப்பவன் கட்மேன் (கார்னரில் காயம் அடைப்பவன்) இல்லை, வேடிக்கை பார்ப்பவன். உறைந்தது ஒவ்வொரு பார்வைக்கும் பிரிகிறது. கடைசியில் வாஸ்லின், மெல்லியதாக. தடித்துப் பூசினால் வியர்வையோடு உருகிக் கண்ணுக்குள் இறங்கும், அதைவிட ரத்தமே பரவாயில்லை.

வீக்கத்துக்கு எஃகை வைத்து அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் உள்ளே உடைந்த நாளங்கள் இன்னும் உடையும், கண் மூடிக்கொள்ளும். டிவியில் தேய்ப்பதைப் பார்த்தால் எழுந்து போய்விடத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் இரும்பு உப்புக் கரைசல் வைத்து எரித்து அடைப்பார்கள். ரத்தம் நின்றுவிடும், சதை வெந்துபோகும், அதற்குப் பிறகு வெட்டின் மேல் வெட்டு.

ஜனவரி 25

ராஸ் ப்யூரிட்டி. 1998 டிசம்பர் 5, கீவ். 13 தோல்வியோடு வந்தவர். எதிரில் விளாடிமிர் கிளிட்ச்கோ: 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தங்கம், 24 சண்டை, ஒரு தோல்விகூட இல்லை, சொந்த ஊர். கிளிட்ச்கோ ரவுண்டு ரவுண்டாக அடித்தார். ப்யூரிட்டி விழவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது. அடித்தே களைத்துப்போன கிளிட்ச்கோவைப் பதினொன்றாவது ரவுண்டில் அவருடைய பயிற்சியாளர் ஃப்ரிட்ஸ் ஸ்டுனெக்கே மேடைக்குள் வந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று. 2001இல் அண்ணன் விட்டாலி பழிதீர்த்தார், அதுவும் பதினொன்றாவது ரவுண்டில்.

அதிர்ஷ்டம் என்பார்கள். பாரத்தைச் சாய்ப்பது, உடலில் வாங்குவது, கையுறையில் வாங்குவது, எல்லாம் ஒரு சின்ன வேலைதான், ஆனால் பத்து ரவுண்ட் தொடர்ந்து செய்ய வேண்டும்.

ஜனவரி 27

எரிச்சல். யாரோடும் பேசவில்லை.

ஜனவரி 29

19 விநாடி. 1975 மார்ச் 24, ஓஹியோவின் ரிச்ஃபீல்ட். அலிக்கு எதிரே வெப்னர். ஒன்பதாவது ரவுண்டில் அலி கீழே. காலை மிதித்ததால் விழுந்தேன் என்றார். பதினைந்தாவது ரவுண்டில் ரெஃபரி டோனி பெரெஸ் சண்டையை நிறுத்தியபோது மிச்சம் இருந்தது 19 விநாடி. வெப்னருக்கு ஒரு லட்சம் டாலர், அதுவரை பார்த்திராத தொகை. அதற்கு முன் பகலில் மது விற்பனைப் பிரதிநிதி வேலை.

19 விநாடிக்கு என்ன செய்திருக்கலாம்? ஒரு முழங்காலில் உட்காரலாம். எட்டு எண்ணும்வரை உட்காரலாம், அதில் எட்டு விநாடி போய்விடும். எழுந்து பிடித்துக்கொண்டால் இன்னும் ஐந்து, பிரித்துவிட மூன்று. ஆனால் எழும்போது ரெஃபரி கண்ணைப் பார்ப்பார். கண் நிலைகொள்ளவில்லை என்றால் எண்ணி முடிக்காமலேயே கையை ஆட்டிவிடுவார். பதினைந்து ரவுண்ட் களைப்பில் கண் எப்படி நிலைகொள்ளும்.

மறுபடி மறுபடி இதையே எழுதுகிறேன்.

பிப்ரவரி 2

முடிவு வந்தது, வந்தும் வரவில்லை. போன ஆண்டுப் படத்தோடு வைத்து ஒப்பிட இன்னொரு மருத்துவரிடம் போயிருக்கிறது. மூளையின் நடுவே மெல்லிய சவ்வு இரண்டு தகடாக இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே நடுவில் சந்து இருக்கும், அதில் ஒன்றுமில்லை. அடிவாங்க அடிவாங்க அந்தச் சந்து பெரிதாகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு படத்தை மட்டும் பார்த்தால் எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆண்டுக்கு ஒன்று.

இந்த ஏற்பாடு யாருக்கும் சும்மா கிடைத்ததில்லை. 1991 செப்டம்பர் 21, லண்டனின் ஒயிட் ஹார்ட் லேன் மைதானம். கிறிஸ் யூபாங்கோடு மைக்கேல் வாட்சன். மூளையில் ரத்தக்கட்டு. மேடையோரம் உயிர்காக்கும் கருவி இல்லை. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவு இல்லை, அங்கிருந்து இன்னொன்றுக்கு. 40 நாள் கோமா, ஆறு அறுவைச் சிகிச்சை. பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்துக்குப் பொறுப்பு உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் சொன்னது. இப்போது மேடையோரம் மயக்க மருத்துவர் இல்லாமல் முதல் மணி அடிக்காது.

பிப்ரவரி 3

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. புருவத்தில் மசாஜ், தினம் இரண்டு வேளை, விரல் நுனியால் வட்டமாக, தோல் கொஞ்சம் நகர ஆரம்பித்திருக்கிறது.

பிப்ரவரி 7

மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்! போன ஆண்டும் அதே, இந்த ஆண்டும் அதே. லைசென்ஸ் உண்டு.

பிப்ரவரி 8

மத்தியானமே போன். சனிக்கிழமை. நாலு ரவுண்ட். பையன் ஆறு சண்டையில் ஆறு வெற்றி. இடக்கைக்காரன்.

இடக்கைக்காரன் என்றதும் மனசு புருவத்துக்குப் போகிறது. இரண்டு பேரின் முன்கால்களும் ஒரே கோட்டில் நிற்கும், பாதம் பாதத்தில் இடிக்கும், தலை தலையில் இடிக்கும். நம் ஆளுக்கு முன்னால் நீட்டியிருப்பது இடது பக்கம். அவனுடைய வலது ஹூக், அதாவது வளைத்து அடிக்கும் குத்து, வந்து உட்காருவதும் அங்கேயேதான். முன்காலை அவன் காலுக்கு வெளிப்புறம் வைத்தால் பாதி ஆபத்து போகும். ஆனால் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், 118 கிலோ இடப்பக்கம் நகர்ந்து பழகவில்லை. நாலு நாளில் என்னத்தைப் பழக்க.

கிளின்ச்சில், அதாவது பிடித்துக்கொள்ளும்போது, நெற்றியை எங்கே ஊன்றுவது என்பதையும் மாற்ற வேண்டும். அவன் வலது தோளில் கூடாது. நெஞ்சு நடுவில், தாழ்வாக.

பிப்ரவரி 10

கைக்கட்டு ஒத்திகை. முதலில் மணிக்கட்டில் மூன்று சுற்று, பிறகு கட்டைவிரல், பிறகு புறங்கை. விரல்களை விரித்து வைத்துக் கட்ட வேண்டும். மூடிக் கட்டினால் முஷ்டி பிடிக்கும்போது இறுகி, இரண்டாவது ரவுண்டில் கை மரத்துவிடும். பிளாஸ்டர் முட்டிக்கு மேலே போகக் கூடாது, பார்ப்பவர் திருப்பி அவிழ்க்கச் சொல்வார், பத்து நிமிடம் போய்விடும். இது எல்லாம் முடிந்து ஆய்வாளர் கையெழுத்துப் போட்டபின் பத்து அவுன்ஸ் கையுறை.

இடப்பக்க நகர்வு: சுமார்.

பிப்ரவரி 11

புது அட்ரினலின் வாங்கியாயிற்று. ஐஸ் டப்பாவில்.

மாலை போன். நாலு இல்லை, ஆறு ரவுண்டாம், டிவிக்காக. கூலியில் கொஞ்சம் கூட்டுவார்களாம். ஆறு வேறு கணக்கு: நாலில் சாய்க்கும் பாரம் ஆறில் நம் முதுகையும் தின்றுவிடும். ஒத்துக்கொள்ளும் முன்னால் ரிங் எத்தனை அடி என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதினாறு என்றால் வேண்டாம். இருபது என்றால்