ஒரு பல் வளைந்த கடிகாரம்

நம்ம பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளர் மூன்று தடவை வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டார். 'பள்ளி நாட்களின் பசுமையான நினைவுகள்' என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். பசுமையாக என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பது தலைமையாசிரியர் அறைக் கடிகாரம். நினைவில் இருக்கிறது என்று சொல்லவில்லை, கையிலேயே இருக்கிறது. இதை எழுதும்போது லண்டனில் என் தலைக்கு மேலே சுவரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தக்கலை பக்கத்திலிருந்து நம்ம பள்ளிக்கு நடந்தும் சைக்கிளிலும் வந்த எல்லாருக்கும் அந்தக் கடிகாரம் தெரியும். லேட்டாக வந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், அதன் கீழேதான் நிறுத்திவைப்பார்கள். தேக்குப் பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே எலுமிச்சம்பழ அளவில் பித்தளைக் குண்டு. முகத்தில் இரண்டு சாவித் துளை. வலது பக்கம் ஓட்டத்துக்கு, இடது பக்கம் மணி அடிக்க.

மணி அடிக்கிற கதை தனி. 11 மணிக்கு அது மூன்று அடிக்கும். பியூன் அண்ணன் அதற்கு மனக்கணக்கு வைத்திருந்தார்: மூன்று அடித்தால் பதினொன்று, நாலு அடித்தால் பன்னிரண்டு. அவர் போய்த் தண்டவாளத் துண்டைத் தட்டுவார், நாங்கள் கஞ்சிப் பாத்திரத்தோடு எழும்புவோம். இப்படி ஏன் தப்பு வந்தது என்று பின்னாலேதான் எனக்குப் புரிந்தது. அந்த வகைக் கடிகாரத்தில் மணி அடிக்கிற சக்கரத்துக்கு முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. விளிம்பில் வெட்டுகள் போட்ட ஒரு தட்டு இருக்கும். அது ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் வரிசையில் பன்னிரண்டு வரை போய்த் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரு நாளைக்கு 156 அடி. இடையில் யாரோ முள்ளைப் பின்னால் திருகிவிட்டால் வரிசை பிசகிவிடும். நம்ம பள்ளியில் யாரோ எப்போதோ திருகியிருக்கிறார்கள். அது நான் இல்லை. நான் செய்தது வேறு.

1977-ல் நான் ஒன்பதாம் வகுப்பு. திங்கட்கிழமைதோறும் ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற வேலையை இயற்பியல் சார் எனக்குத் தந்திருந்தார். அவர் பேர் எங்களுக்குள் 'பெண்டுலம் சார்'. பாடத்தினால் வந்த பேர் இல்லை. நடக்கும்போது அவருடைய இரண்டு கையும் அளந்து வைத்ததுபோல ஒரே தூரம் வீசும்.

ஒருநாள் கடிகாரம் நின்றுவிட்டது. சார் அதை இறக்கி, குண்டைக் கழற்றி, இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். எண்ணெய் வற்றிவிட்டது என்றார். தையல் டீச்சரிடம் மிஷின் எண்ணெய் வாங்கப் புறப்பட்டவர் வாசலில் நின்று, "லேய் மக்கா, தொட்டுராத, கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று காலையில்தான் முழுச் சாவி கொடுத்திருந்தேன். எட்டு நாள் ஓடுகிற முறுக்கு அத்தனையும் சுருளுக்குள் அடங்கிக் கிடந்தது.

பின்பக்கம் மேலே நங்கூரம் மாதிரி ஒரு இரும்புத் துண்டு இருந்தது. அதைத் தாங்குகிற தகட்டில் இரண்டே திருகாணி. அதைக் கழற்றினால் உள்ளே இன்னும் நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. கழற்றினேன்.

அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. மாவுமில்லில் பெல்ட் அறுந்தால் வருமே, அதுபோல ர்ர்ர்ர் என்று ஒரு இரைச்சல். சக்கரங்களின் பல் கண்ணுக்குத் தெரியவில்லை, வெறும் பித்தளைப் பளபளப்புதான். முன்னால் பெரிய முள் காற்றாடி மாதிரிச் சுற்றியது. அது பன்னிரண்டைத் தாண்டினதும் சுத்தியல் தூக்கி அடிக்கத் தொடங்கிவிட்டது. பயத்தில் கையிலிருந்த நங்கூரத்தைத் திரும்ப உள்ளே குத்தினேன். 'டக்'. எல்லாம் நின்றது. வாசலில் பியூன் அண்ணன் சுத்தியலோடு நின்றார். "மணி என்னடே ஆச்சு இப்பம்?" என்று கேட்டார்.

சார் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். சாவியைப் போட்டு, சுருளின் முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டு, சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்தார். 36 பல். சேவல் நகம்போலச் சாய்ந்த கூர்ப்பல். அதில் ஒன்று மட்டும் முனை மடங்கியிருந்தது. மூக்குக் குறடால் நிமிர்த்தினார், அரத்தால் ஒரு இழு இழுத்தார். முழுசாக நிமிரவில்லை. "இது உனக்க பல்லு லேய்" என்றார்.

பிறகு அந்த மேசையிலேயே பாடம் நடந்தது. ஐந்து வருஷப் பள்ளிப் பாடத்தில் எனக்கு முழுசாக நிற்கிறது அது ஒன்றுதான்.

சுருளுக்கு ஒரே ஒரு ஆசைதான் உண்டு, ஒரே மூச்சில் பிரிந்துவிட வேண்டும். சக்கரத்துக்குத் தெரிந்தது ஒரே பக்கமாகச் சுற்றுவது. குண்டு தொங்குகிற ஊசலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வரத்தான் தெரியும். சுற்றுகிறதையும் ஆடுகிறதையும் சேர்த்துக் கட்டுகிற இடம்தான் அந்த நங்கூரம். எஸ்கேப்மென்ட் என்று பேர். நங்கூரத்துக்கு இரண்டு கை. ஊசல் ஒரு பக்கம் போகும்போது ஒரு கை தூக்கி ஒரு பல்லை விடும், சக்கரம் பாயும், பாய்ந்த உடனே மற்றக் கை வேறொரு பல்லைப் பிடித்துவிடும். ஊசல் திரும்பி வந்தால்தான் அது விடும். சாப்பாட்டு மணி அடித்ததும் மொத்தப் பள்ளியும் ஓடிவரும்போது சின்ன கேட்டை மட்டும் திறந்துவைத்து ஒவ்வொருவராக வெளியே விடுவார்களே, அதேதான். நாம் 'டிக்' என்று கேட்பது ஒரு பல் பிடிபடுகிற சத்தம்.

அது பாதிதான். மறுபாதிக்குச் சார் ஓண லீவுக்கு மாமரத்தில் கட்டுகிற ஊஞ்சலைக் காட்டினார். ஊஞ்சல் தானாக ஆடிக்கொண்டே இருக்காது, காற்றும் கயிறும் அதைத் தின்றுவிடும். பின்னால் நிற்கிறவன் ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தில் ஒரு சின்னத் தள்ளு கொடுக்கவேண்டும். நங்கூரத்தின் கை முனை சரிவாகச் சீவப்பட்டிருக்கும். பல் விடுபட்டுப் போகிற போக்கில் அந்தச் சரிவை உரசித் தள்ளிவிட்டுப் போகிறது. ஊசலுக்கு அதுதான் தள்ளு. எப்போது விடவேண்டும் என்று சக்கரத்துக்குச் சொல்வது ஊசல், நிற்காமல் ஆடும்படி ஊசலுக்குச் சோறு போடுவது சக்கரம்.

எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வைத்து, எல்லாவற்றையும் மாட்டி, ஓடவிட்டார். "பல்லையே பாரு" என்றார். பார்த்தேன். ஒவ்வொரு பிடிக்கும் சக்கரம் நிற்கவில்லை, ஒரு மயிரிழை பின்னால் போய்விட்டுத்தான் அடுத்ததற்கு முன்னால் வந்தது. நங்கூர வகையில் இந்தப் பின்வாங்கல் உண்டு. அது இல்லாமல் அசையாமல் பிடிக்கிற வகையை லண்டன்காரர் ஜார்ஜ் கிரஹாம் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பினார். வானாராய்ச்சி நிலையங்களுக்கு அது போனது. பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்வாங்குகிற நங்கூரமே போதும்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் எனக்கு இதுவாகவே ஆகிவிட்டது. அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து எண்ணிப் பார்ப்பேன். விநாடிக்கு 5 டிக், மணிக்கு 18,000. எண்ண முடியாது, சார் சொன்னதை நம்பினேன். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போனபோது மற்றவர்கள் தரையின் பளபளப்பையும் ஒற்றைக்கல் படுக்கையையும் பார்த்தார்கள். நான் கடிகாரம் இருக்கிற மணி மாளிகையின் கீழே நின்றுகொண்டு மேலே பார்த்தேன். அங்கே சுருள் கிடையாது, தொங்குகிற எடைதான் சக்கரத்தை இழுக்கிறது. (1956-ல் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசிடம். திங்கட்கிழமை திறக்கமாட்டார்கள், ஊருக்குப் போகிறவர்கள் பார்த்துப் போங்கள்.) திருவனந்தபுரத்தில் பத்மநாபசாமி கோயில் பக்கத்து மேத்தன் மணி என்கிற கடிகாரத்தையும் பார்த்தேன். மணிக்கு ஒரு தடவை தாடிக்காரர் முகம் வாயைத் திறக்கும், இரண்டு பக்கமும் ஆட்டுக்கடா வந்து கன்னத்தில் முட்டும். எல்லாரும் கடாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பின்னால் சுற்றுகிறது எது, அதை முட்டாக மாற்றுகிறது எது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸைத் தவறவிட்டேன்.

பிளஸ் ஒன்னில் தனி ஊசல் பிராக்டிக்கல். 20 அலைவுக்கு நேரம் எடுத்து, நீளத்தோடு சேர்த்துப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கவேண்டும். நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். விடை 9.8 என்று முன்னாலேயே தெரியும், கணக்கைப் பின்னாலிருந்து போட்டு மேலே கொண்டுபோவோம். சார் நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "கள்ளக்கணக்கு எழுதினாலும் ஒழுங்கா எழுதணும்லே. நம்ம ஊருக்கு 9.78."

அப்போது சொன்னதுதான் ஷான் ரிஷே கதை. 1656-ல் ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்தார். 1672-ல் பாரிஸிலிருந்து ரிஷே, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் தென் அமெரிக்காவில் இருக்கிற கயேனுக்கு வானம் பார்க்கப் போனார். பாரிஸில் விநாடி தவறாத ஊசல், அங்கே ஒரு நாளைக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஊசலில் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் குறைத்தபிறகுதான் சரியானது. கடிகாரத்தில் கோளாறு இல்லை. பூமி நடுவில் புடைத்திருக்கிறது, அங்கே சுழற்சியின் வீச்சும் அதிகம், அதனால் இழுப்பு குறைவு. பூமி நடுவில் புடைத்தது என்கிற தன் வாதத்துக்கு நியூட்டன் இதை எடுத்துக்கொண்டார். பிறகு நாகர்கோவிலுக்கு வந்தார்: "நாரோயில் மணிமேடையப் பாத்திருக்கியளா? 1893-ல மூலம் திருநாள் மகாராஜா வந்தப்பம் வச்சது. இங்கிலாந்துக் கடிகாரம். அங்க ஓடினபடியே கொண்டுவந்து மாட்டியிருந்தா நாளுக்கு ரெண்டு நிமிஷம் பிந்தியிருக்கும்."

பிறகு பாலிடெக்னிக், சென்னை, வளைகுடா, லண்டன். அதில் எழுத ஒன்றும் இல்லை.

2004 லீவில் சாரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்றுப் பல வருஷம். முன்னறைச் சுவரில் நம்ம கடிகாரம். பள்ளியில் பேட்டரிக் கடிகாரம் வந்தபோது உடைந்த பெஞ்சுகளோடு இதையும் ஏலத்தில் தள்ளியிருக்கிறார்கள், சார் எடுத்துவிட்டார். நான் கதவைத் திறந்து காது கொடுத்தேன். 36 விநாடிக்கு ஒரு சுற்று. அந்தப் பல் நங்கூரத்தின் முதல் கைக்கு வரும்போது ஒரு மட்டமான 'டொக்', அதே பல் இரண்டாம் கைக்கு வரும்போது இன்னொரு 'டொக்'. மற்றதெல்லாம் டிக். சார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கொண்டு போ மக்கா. உனக்க பல்லுதான."

குண்டைக் கழற்றி வேட்டியில் சுற்றி, இயந்திரத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

இங்கே மாட்டின முதல் நாள் நொண்டியது. டிக்-டக்... டிக்-டக்... என்று ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. பெட்டி ஒரு நூல் சாய்ந்திருந்தால்கூட ஊசல் நடுவில் நிற்கும் இடமும் நங்கூரத்தின் நடுவும் ஒன்றாது. காதால் கேட்டுக்கேட்டு அடியை நகர்த்தினால் நடை சமமாகும். சமமானது. மறுநாள் பார்த்தால் 2 நிமிஷத்துக்கு மேல் முந்திப் போயிருந்தது. அடுத்த நாளும் அவ்வளவே. கையில் கட்டியிருந்த அப்பாவின் ஜனதாவில் ஒரு மாற்றமும் இல்லை. அதில் ஆடுகிற சக்கரத்தைத் திருப்பிக் கொண்டுவருவது மயிர்ச்சுருள், அதற்கு பூமியின் இழுப்போடு ஒரு வேலையும் இல்லை. சுவர்க் கடிகாரத்துக்கு மட்டும் தான் ஊர் மாறிவிட்டது தெரிந்திருந்தது.

சாருக்கு போன் போட்டேன். "சார், ஓடுது. ஆனா முந்துது."

"எவ்வளவு?"

"ரெண்டேகால் நிமிஷம் இருக்கும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. பிறகு சிரித்தார். "அப்பம் பூமி சரியாத்தான் இருக்குலே."

குண்டுக்குக் கீழே இருக்கிற நட்டைத் திருகி இறக்கினேன். 25 சென்டிமீட்டர் ஊசலில் மொத்தம் இறக்கினது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. குளிர்காலத்தில் அறை குளிர்ந்தால் ஒரு நாளைக்குச் சில விநாடி முந்தும், உலோகம் சுருங்கி ஊசல் குட்டையாவதால். அதை நான் கண்டுகொள்வதில்லை. இங்கே லண்டன் பாராளுமன்றத்துப் பெரிய கடிகாரத்துக்கே ஊசல்மேல் பழைய பென்னிக் காசு வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள், ஒரு காசுக்கு ஒரு நாளைக்கு 0.4 விநாடி. நான் காசு வைக்கிற அளவுக்குப் போகவில்லை. மணி மட்டும் இன்னும் 11-க்கு மூன்றுதான் அடிக்கிறது. சரிசெய்ய ஐந்து நிமிஷ வேலை, செய்யவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கடிகாரத்தைக் கொண்டுவரச் சொல்லிச் செயலாளர் கேட்கிறார். கொண்டுவரமாட்டேன். சுவரைவிட்டு இறக்கினால் திரும்ப நடை பிடிக்க ஒரு வாரம் ஆகும். பார்க்கவேண்டும் என்பவர்கள் வீட்டுக்கு வாருங்கள். திங்கட்கிழமை சாயங்காலம் வந்தால் நல்லது, அன்றுதான் சாவி கொடுப்பேன்.