தமிழ்லயே பேசுங்கக்கா!

அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் மதுரையில் நடத்தும் தமிழ் வகுப்புக்கு அமெரிக்க மாணவர்கள் வருவார்கள். அப்படி வந்த ஒருத்திக்குப் பேச்சுத் துணையாகப் போகிறாயா என்று எங்கள் பேராசிரியர் கேட்டதும் சரி என்றேன். எனக்கும் ஆங்கிலம் பேசிப் பழக ஆள் தேவைப்பட்டது. மாலையில் சந்திப்போம், பாதி நேரம் தமிழ், பாதி நேரம் ஆங்கிலம். அதுதான் ஏற்பாடு.

சிகாகோ, பெர்க்லி மாதிரி சில பல்கலைக்கழகங்களில் தமிழ் சொல்லித் தருகிறார்கள். அப்படி ஓரிடத்தில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பஸ் போர்டு, சுவர் விளம்பரம் எல்லாம் கடகடவென்று வாசிப்பாள். "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று செய்தி வாசிப்பவர் மாதிரி கேட்பாள். நான் "இன்னும் இல்ல, வீட்டுக்குப் போய்த்தான்" என்றால் முழிப்பாள். நாமெல்லாம் பேசிவிட்டு அப்புறம் எழுதப் படித்தவர்கள். அவள் வந்த வழி நேர் எதிர். அதனால் அவள் பாடப்புத்தகத்து வரிகளை நான் மதுரைப் பேச்சில் சொல்லி, போனில் பதிவு செய்து கொடுப்பேன். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பது 'வந்துக்கிட்டு இருக்கேன்' ஆகி, இன்னும் வேகமாக 'வந்துட்ருக்கேன்' ஆவதை ரூமில் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

உச்சரிப்பில் ழகரம்தான் பாடாய்ப் படுத்தும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு அது சுலபமாக வந்தது. அமெரிக்கர்கள் ரகரத்தை நாக்கைப் பின்னுக்கு இழுத்துச் சொல்வார்கள். அது கிட்டத்தட்ட நம் ழகரம்தான். கஷ்டப்பட்டது 'படம்', 'பட்டம்' வித்தியாசத்துக்கும், சொல் தொடக்கத்தில் வரும் பகரத்துக்கும். 'பூ' என்றால் ஊதுகிற மாதிரி காற்று வரும். ஒரு மெல்லிய காகிதத்தை அவள் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அது ஆடாமல் சொல்லச் சொன்னேன். ஒருநாள் காகிதம் அசையவே இல்லை. இரண்டு பேரும் கத்தின கத்தலில் பக்கத்து டேபிள்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் பெரிய தடை வேறு. வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் ஊரே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. சித்திரை வீதியில் பூக்காரம்மாவிடம், "அக்கா, மொழம் எவ்வளவு?" என்று சுத்தமாகத்தான் கேட்டாள். "ஃபிப்டி ருப்பீஸ் மேடம்" என்று பதில் வந்தது. "தமிழ்லயே பேசுங்கக்கா, படிக்கத்தான் வந்துருக்காங்க" என்று நான் சொன்னதுதான் தாமதம், "அப்படியா தாயி? எந்த ஊரு? அப்பா அம்மா என்ன பண்றாக? கல்யாணம் ஆயிருச்சா?" என்று மழையாகக் கொட்டிவிட்டார்.

அவள் திணறினாள். அவள் ஊரில் முன்பின் தெரியாதவரிடம் இதெல்லாம் கேட்க மாட்டார்களாம். இங்கே அது அக்கறை, நீயும் திருப்பிக் கேள் என்று சொன்னேன். அடுத்த முறை போனபோது, "உங்களுக்கு எத்தன புள்ளைங்கக்கா?" என்று அவளே ஆரம்பித்தாள். மகள் நர்சிங் படிப்பது, மழை வந்தால் மல்லி விலை ஏறுவது என்று அந்த அம்மா பேசிக்கொண்டே போனார். நான் இரண்டடி தள்ளி நின்று வாயைத் திறக்கவில்லை. பேச்சுத் துணைக்கு இலக்கணம் சொல்லித் தரும் வேலையே கிடையாது என்பது என் எண்ணம். அதற்கு வகுப்பில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஊரை அவளோடு தமிழில் பேச வைப்பதுதான் நம்மால் மட்டும் முடிகிற காரியம்.

என் ஆங்கிலத்துக்கும் அவள் அதையேதான் செய்தாள். இன்டர்வியூவுக்காக நான் மனப்பாடம் செய்திருந்ததை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அன்று பஸ்ஸில் நடந்ததைச் சொல் என்பாள். நடுவில் நிறுத்தித் திருத்த மாட்டாள். முடித்த பிறகு ஒன்றிரண்டு மட்டும் சொல்வாள். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அப்போதே தெரிந்தது.

படிப்பு முடிந்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். வாரம் ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். இப்போது பாதிக்குப் பாதிக் கணக்கெல்லாம் இல்லை. அம்மா போனை வாங்கினால் முழுக்கத் தமிழ்தான். போன வாரம் புளிக்குழம்புக்குப் பக்குவம் கேட்டிருக்கிறாள். அங்கே நல்லெண்ணெய் கிடைக்குமா என்று அம்மா விசாரித்துக்கொண்டிருந்தார்.