லிஃப்டைத் தவிர்க்கும் மூளை: நாட்குறிப்பு

மார்ச் 3, 2025

லிஃப்ட் கதவு மூடும்போது நெஞ்சு படபடக்கிறதே, அதைத் தொடங்கிவைப்பதில் முக்கியப் பங்கு அமிக்டலாவுக்கு. பாதாம் பருப்பு வடிவில் பக்கத்துக்கு ஒன்றாக, மூளையின் ஆழத்தில் இருக்கிறது. புலன்களின் செய்தியைப் பிரித்தனுப்பும் மூளைப்பகுதியான தலாமஸிலிருந்து அதற்கு இரண்டு வழிகளில் செய்தி வரும்: நேராக ஒன்று, மூளையின் மேலடுக்கான புறணி வழியாக ஒன்று. நேர்வழியில் வேகம் அதிகம், விவரம் குறைவு. எலிகளில் இதைக் காட்டியவர் நரம்பியல் ஆய்வாளர் ஜோசஃப் லெடூ. அட்ரீனலின் சில விநாடிகளில் வேலையைத் தொடங்கிவிடும். இன்னொரு அழுத்த ஹார்மோனான கார்டிசால் உச்சத்தைத் தொட 20, 30 நிமிடம் ஆகும்.

மார்ச் 5

அமிக்டலாதான் பயத்தின் ஒரே இருப்பிடம் என்று எழுதுவது தவறு. ஆய்வுகளில் எஸ்.எம். என்று குறிப்பிடப்படும் பெண்ணுக்கு இரண்டு அமிக்டலாவும் சிதைந்திருந்தன. பாம்பைக் கண்டும் அவர் அஞ்சவில்லை. ஆனால் 35% கரியமில வாயு கலந்த காற்றை இழுத்ததும் பீதியில் துடித்தார் (2013-இல் வெளியான ஆய்வு). மூச்சு முட்டும் பீதி அமிக்டலா இல்லாமலும் வரும். அதனால் லிஃப்டுக்கு அஞ்சுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது: அறுந்து விழும் என்ற பயமா, மூச்சு முட்டும் என்ற பயமா?

மார்ச் 8

படிக்கட்டுப் பக்கம் திரும்பியதுமே படபடப்பு தணிகிறது. அந்தத் தணிவுதான் பரிசு. தவிர்ப்பு அதில்தான் வேர்விடுகிறது. உளவியலாளர் மௌரர் 1947-இல் சொன்ன இந்த விளக்கம் இன்றும் உதவுகிறது. 'ஏறவில்லை, பிழைத்தேன்' என்றே மூளை கணக்கு எழுதும். ஏறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. 1953-இல் உளவியலாளர் சாலமன் குழுவின் சோதனையில், தடுப்பைத் தாண்டினால் மின்னதிர்ச்சியிலிருந்து தப்பலாம் என்று கற்ற நாய்கள், அதிர்ச்சியை நிறுத்திய பிறகும் தாண்டிக்கொண்டே இருந்தன.

மார்ச் 12

தவிர்ப்பை உடைக்கும் செய்முறை. லிஃப்டில் அஞ்சும் சூழல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் பயத்துக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 40 அளவில் இருக்கும் சூழலிலிருந்து தொடங்கலாம். ஏறுமுன் எழுதுங்கள்: 'மூன்றாம் மாடிக்குள் மயங்கி விழுவேன், 80% நிச்சயம்.' இறங்கியதும் நடந்ததை எழுதுங்கள். பயம் குறைந்ததா என்பதைவிட, எதிர்பார்த்தது நடந்ததா என்பதே முக்கியம். உடனே மறுபடி ஏறுங்கள்.

கெடுப்பது எது? பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் இறங்குவது. தப்பித்தலுக்கே மறுபடி பரிசு போய்விடும். அலாரம் பட்டன்மேல் விரல், கையில் தண்ணீர் பாட்டில், கூடவே வரும் அண்ணன்: உயிர்பிழைத்த பெயரை மூளை இவற்றுக்குக் கொடுத்துவிடும். ஒவ்வொன்றாக விலக்குங்கள்.

மார்ச் 13

ரத்தம், ஊசி பயம் வேறு ரகம். அங்கே ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உண்மையாகவே மயக்கம் வரலாம். கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும்வரை 10–15 விநாடி இறுக்கி, 20–30 விநாடி இயல்புநிலைக்கு விடுங்கள், ஐந்து தடவை. முற்றிலும் தளர்ந்துவிடக் கூடாது, அழுத்தம் இன்னும் இறங்கும்.

மார்ச் 19

பழகியபின்னும் பழைய பயம் அழிவதில்லை. அதை அடக்கும் புதிய நினைவு பக்கத்தில் சேர்கிறது. முன்மூளைப் புறணியின் கீழ் உட்பகுதி அதற்குத் துணை. அந்த நினைவு இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். அலுவலக லிஃப்டில் பழகியவருக்கு மருத்துவமனை லிஃப்டில் பயம் திரும்புவது இதனால்தான். கண்ணாடி லிஃப்ட், கம்பிக்கதவு லிஃப்ட், கூட்டத்தோடு, தனியாக என்று மாற்றி மாற்றிப் பழகுங்கள். பயம் திரும்பிய அன்றே, அதே லிஃப்டில், எதிர்பார்ப்பை எழுதிவிட்டு மறுபடி ஏறுங்கள்.