14 நாள் வேலை, 10 நாள் கெடு

மணல் கலந்த குழம்பை இறைக்கும் ஆறு பம்புகள், ஒரு கன்வேயர், அவற்றுக்கான மின் பேனல்கள். இவற்றைச் சோதித்து ஓடவைக்கும் வேலைக்கு (கமிஷனிங்) நான் போட்ட திட்டம் 14 நாள். கையில் கிடைத்தது 10. முதலில் எல்லாச் சோதனையிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன். அட்டவணை 10 நாளுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் எதுவுமே உருப்படியாகச் சோதிக்கப்படாது என்பது பார்த்ததுமே தெரிந்தது.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே ஒரு கேள்வி எழுதினேன்: இதை விட்டு, பிறகு தப்பு தெரிந்தால், சரிசெய்ய எவ்வளவு நேரம்? சென்சார் அளவீடு தவறினால் அரை மணி. பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லர் உடைந்தால் உதிரிபாகம் வர வாரக்கணக்கில் ஆகும். முன்னதைத் தள்ளிவைத்தேன், பின்னதில் ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. எமர்ஜென்சி ஸ்டாப், கன்வேயர் ஓரத்து இழுகயிறு சுவிட்சு இரண்டையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆள் உயிர் சம்பந்தப்பட்டது. ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்தோம்.

மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கை மாட்டாமல் மோட்டாரை மட்டும் ஓட்டும் சோதனையைத்தான் எல்லோரும் வெட்டச் சொன்னார்கள். நான் விடவில்லை. நாலாவது மோட்டார் எதிர்த்திசையில் சுற்றியது. அந்தப் பம்புகளில் இம்பெல்லர் ஷாஃப்டில் மரையால் முறுக்கி மாட்டப்பட்டது. தலைகீழாகச் சுற்றியிருந்தால் கழன்று பம்பின் வெளிக்கூடான கேசிங்கில் மோதியிருக்கும். மூன்று ஃபேஸில் இரண்டை மாற்றிப் போட்டோம். பத்து நிமிட வேலை.

நேரத்தை மிச்சப்படுத்தியது, ஒன்றையொன்று சாராத வேலைகளைச் சேர்த்து நடத்தியதுதான். ஃபிட்டர்கள் அலைன்மென்ட் (மோட்டார் அச்சும் பம்பு அச்சும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று) பார்க்கும்போதே பேனலில் சிக்னல் சோதனை ஓடியது. இதில் ஆபத்தும் இருக்கிறது: ஒருவர் கைவைத்திருக்கும் இடத்தில் இன்னொருவர் கரன்ட் கொடுத்துவிடலாம். அதனால் கரன்ட் சுவிட்சில் ஆளுக்கொரு பூட்டு, அவரவர் சாவி அவரவர் பையில்.

ஒரு இடத்தில் என் கணிப்பு தவறியது. பைப் இணைத்தபின் அலைன்மென்டை மறுபடி பார்க்கும் வேலையை நானே வெட்டியிருந்தேன். தண்ணீர் விட்டு ஓட்டியபோது இரண்டாவது பம்பில் வைப்ரேஷன் ஏறியது. நிறுத்திப் பூட்டுப் போட்டு, நுண்ணிய நகர்வையும் காட்டும் டயல் கேஜ் வைத்து, பைப்பைப் பம்போடு இணைக்கும் ஃபிளாஞ்சு போல்ட்டைத் தளர்த்தினோம். முள் நகர்ந்தது. பைப் பம்பை இழுத்துக்கொண்டிருந்தது. ஆறு பம்புகளையும் திரும்பப் பார்க்க ஒன்றரை நாள் போனது.

11-ஆம் நாள் பிற்பகல் குழம்பை ஏற்றினோம். பேரிங் வெப்பம் ஒரு நிலைக்கு வரும்வரை, நாலு மணி நேரம், பக்கத்திலேயே நின்று குறித்துக்கொண்டிருந்தேன்.