ரூபா விழுந்தபோது சேமலாபப் பணத்தை என்ன செய்தேன்

இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 ரூபாவுக்குக் கிட்ட நின்றது, மே மாதம் 360 வரை போய்விட்டது. வேலை செய்த காலத்தில் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியை மொத்தமாக எடுத்து வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருந்த என்னைப் போன்றவர்களுக்குப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் அதே வட்டிக் காசுக்கு பிரஷர் மருந்தும் மாவும் பால்மாவும் பாதிகூட வரவில்லை.

டொலராக மாற்றி வைத்திருக்கலாமே என்று வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாரும் சொன்னார்கள். இங்கே வசிக்கிற ஒருவர் தன் ரூபாவைக் கொடுத்து டொலர் வாங்கிச் சேமிப்பாகக் கணக்கில் போட முடியாது, வெளிநாட்டு நாணயக் கணக்கு வெளியிலிருந்து வருகிற பணத்துக்குத்தான். கறுப்புச் சந்தைக்கு ஓய்வுக்காலக் காசோடு போக எனக்கு மனமில்லை. நகை வாங்கலாம் என்றால், பவுண் விலையும் டொலரோடு சேர்ந்து ஏறிவிட்டது, செய்கூலி வேறு.

ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி கூட்டியது. அரசாங்கம் ஒரு வருடத்துக்குள் திருப்பித் தருவதாக விற்கிற கடன் பத்திரமான திறைசேரி உண்டியலின் வட்டி 20 வீதத்தைத் தாண்டியது, என் வைப்போ பழைய வட்டியிலேயே கிடந்தது. முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியைக் குறைத்துத்தான் தருவார்கள். இருந்து கணக்குப் பார்த்தேன்: குறைகிற வட்டியைவிட, மிச்ச மாதங்களுக்குப் புதிதாகக் கிடைப்பது எவ்வளவோ கூட. உடைத்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, "அன்ரி, எங்கட வைப்பிலேயே புதுசா போடுங்கோவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. திறைசேரி உண்டியல்தான் வேண்டும் என்று அழுத்திக் கேட்ட பிறகுதான் படிவம் வந்தது. அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம், சில கையெழுத்து, அவ்வளவுதான். வாங்கியது மத்திய வங்கியின் லங்காசெக்யுவர் பதிவில் என் பெயரிலேயே விழுந்தது. இதைக் கட்டாயம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

வட்டியை முன்கூட்டியே கழித்துத்தான் விற்பார்கள். வட்டி 29 வீதமாக இருந்த நேரத்தில், ஏறத்தாழ 77,500 ரூபா கட்டினால் ஒரு வருடத்தில் ஒரு இலட்சம். நான் எல்லாவற்றையும் ஒரே தவணையில் போடவில்லை, 91 நாள், 182 நாள், 364 நாள் என்று பிரித்தேன். வட்டி இன்னும் ஏறினாலும் ஒரு பகுதி சீக்கிரம் கைக்கு வரும், ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் சமாளிக்கலாம்.

இதெல்லாம் விலைவாசியை வென்றதா என்றால், இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம், அதற்கு எந்த வட்டி ஈடாகும்? ஆனால் பழைய வைப்பிலேயே விட்டிருந்தால் இழப்பு இன்னும் பெரிது.

2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு (அரசாங்கம் உள்ளூரில் வாங்கிய கடனின் நிபந்தனைகளை மாற்றுவது) என்று வங்கிகளைச் சில நாள் மூடியபோது நெஞ்சு பதறியது உண்மை. கடைசியில் பொதுமக்களின் திறைசேரி உண்டியல்களைத் தொடவில்லை, சேமலாப நிதி வைத்திருந்த முறிகளை, அதாவது அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரங்களைத்தான் மாற்றினார்கள். இன்னும் வேலையில் இருக்கிற பிள்ளைகளின் காசு அது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு 2024 நடுப்பகுதியில் வட்டி 10 வீதத்துக்குக் கிட்ட இறங்கிவிட்டது. இப்போது ஒரு பகுதியை வைப்பிலும் மிச்சத்தைக் குறுகிய தவணை உண்டியல்களிலும் வைத்திருக்கிறேன், புதன்கிழமை மத்திய வங்கியின் உண்டியல் ஏல முடிவைப் பார்க்காமல் எதையும் புதுப்பிப்பதில்லை.