ஜெரேனியத்துக்கு ஒரு பெயர்

எல். எம். மான்ட்கோமரி எழுதி 1908-இல் வெளிவந்த ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவலை அண்மையில் மீண்டும் படித்தபோது, கதையைவிட அதில் வரும் பெயர்களே என்னைப் பிடித்து நிறுத்தின. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு வந்து சேரும் 11 வயது அநாதைச் சிறுமி ஆன், தன் பெயரின் முடிவில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தையும் சேர்த்தே அழைக்க வேண்டும் என்று, தான் வந்து சேர்ந்த வீட்டுப் பெண்மணி மரில்லாவிடம் மன்றாடுகிறாள். ஒலியில் எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் பெயரைக் கேட்டவுடனேயே அதன் அச்சு வடிவம் அவள் மனக்கண்ணில் தோன்றிவிடுகிறது. வீடும் உறவும் இல்லாத ஒரு குழந்தை தன்னுடையது என்று உரிமையோடு சொல்லிக்கொள்ள அந்த ஓர் எழுத்துதான் இருக்கிறது என்பதைச் சிறுவயதில் படித்தபோது நான் உணரவே இல்லை.

ஊரார் பாரி குளம் என்று சொல்லும் நீர்நிலையை அவள் ‘ஒளிரும் நீரேரி’ ஆக்குகிறாள். அதன்பின் நமக்கும் அது வெறும் குளமாகத் தெரிவதில்லை. பெயர் காயப்படுத்தவும் செய்கிறது: பள்ளியில் உடன் படிக்கும் கில்பர்ட் அவளுடைய செந்நிறக் கூந்தலைப் பிடித்து ‘கேரட்’ என்றதும், சிலேட்டு அவன் தலையில் உடைகிறது.

எனக்கு மிகவும் நெருக்கமான இடம் சன்னலோர ஜெரேனியச் செடிக்கு அவள் ‘பானி’ என்று பெயரிடும் காட்சிதான். எப்போதும் ‘பெண்’ என்று மட்டுமே அழைத்தால் உங்களுக்குப் பிடிக்குமா என்று அவள் கேட்க, மரில்லா முணுமுணுத்தபடியே உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்கு இறங்கிப் போய்விடுகிறார்.